முகாம் கலைஞ்ச பிறகு என்ன? 78 வயசுலயும் புயல் பூமிக்குக் கிளம்பிய கிளாரா பார்ட்டன்!

புயலோ வெள்ளமோ வந்தா முதல் நாலு நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுப் பொட்டலம் வரும், பழைய துணி மூட்டை மூட்டையா வரும், கேமராவும் வரும். அஞ்சாவது நாள்? பத்தாவது நாள்? வீடும் வேலையும் போனவங்க அடுத்த மாசம் என்ன செய்வாங்க? இந்தக் கேள்வியை 140 வருஷத்துக்கு முன்னாடியே கையில் எடுத்த ஒரு பெண்மணியைப் பத்தித்தான் இப்போ தெரிஞ்சுக்கப் போறீங்க.

கூச்ச சுபாவச் சிறுமி

கிளாரா பார்ட்டன் 1821 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். வீட்டில் ஐந்தாவது குழந்தை, கடைக்குட்டி. நாலு பேர் முன்னால் பேசவே கூசும் பொண்ணு. 11 வயசுல அண்ணன் டேவிட் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட, ஏறக்குறைய ரெண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது இந்தக் குட்டிப் பொண்ணுதான்.

பெரியவளானதும் டீச்சர் வேலை. நியூ ஜெர்சியில் உள்ள போர்டன்டவுனில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கி வளர்த்தார். பள்ளி பெருசானதும் நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அவரைவிட அதிகச் சம்பளத்தில் ஓர் ஆணைத் தலைமை ஆசிரியராகக் கொண்டுவந்து உட்கார வைத்தது. கிளாரா வேலையை விட்டுவிட்டார்.

அடுத்து வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். மருந்தும் கட்டுத்துணியும் ஏற்றிய வண்டியோடு போர்க்களத்துக்கே போனார். 1862-ல் ஆன்டீட்டம் சண்டையில், பறந்து வந்த குண்டு ஒன்று அவர் சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய், அவர் தாங்கிப் பிடித்திருந்த வீரரின் உயிரைப் பறித்தது. போர் முடிந்த பிறகும் ஓயவில்லை. காணாமல்போன 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு என்ன ஆனது என்று தேடிக் கண்டுபிடித்து, அவங்க குடும்பங்களுக்குத் தகவல் சொன்னார்.

போர் இல்லாத நாளில் என்ன வேலை?

உடல்நிலை சரியில்லாமல் ஐரோப்பா போனபோதுதான் செஞ்சிலுவைச் சங்கம் பற்றித் தெரிந்துகொண்டார். அது அப்போ போரில் காயப்பட்டவர்களுக்கான அமைப்பு. ஊர் திரும்பியவர், 1881 மே 21 அன்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை ஆரம்பித்தார். அப்போ அவருக்கு வயசு 59. நம்ம ஊர்ல ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்கிற வயசு!

போர் இல்லாத காலத்தில் இந்தச் சங்கம் சும்மா இருக்கணுமா? தீ, வெள்ளம், புயலில் சிக்கினவங்களும் காயப்பட்டவங்கதானே என்று வாதாடினார் கிளாரா. அதே வருஷம் மிச்சிகனில் காட்டுத்தீ கிராமங்களை விழுங்கியது. சங்கத்தின் முதல் பேரிடர்ப் பணி அதுதான். 1884-ல் ஜெனீவா மாநாடும் அவருடைய யோசனையை ஏற்றுக்கொண்டது.

ஜான்ஸ்டவுனில் ஐந்து மாதங்கள்

1889 மே 31. பென்சில்வேனியாவில் பெருமழை. பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றுக்குச் சொந்தமான சவுத் ஃபோர்க் அணை உடைந்தது. சரியாகப் பராமரிக்கப்படாத அணை. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தை வெள்ளம் சுருட்டிக்கொண்டு போனது. 2,209 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டும் கிளப்பிடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை.

ஐந்தாவது நாள் டாக்டர்கள், நர்ஸ்களோடு வந்து இறங்கினார் 67 வயது கிளாரா. வந்தோம், கொடுத்தோம், கிளம்பினோம்னு இல்லை. ஐந்து மாதம் அங்கேயே தங்கினார். கூடாரத்தில் மழையும் குளிருமாய்க் கிடந்தவர்களுக்கு மரத்தாலான விடுதிகளைக் கட்டினார். வீட்டுக்குத் தேவையான சாமான்களையும் கொடுத்தார். எல்லாம் இழந்தவங்க கௌரவமா தூங்கி எழுந்திருக்க ஓர் இடம் வேணும்ல?

விதையும் கால்வாயும்

1893 ஆகஸ்டில் தெற்கு கரோலினாவின் கடல் தீவுகளைப் புயல் தாக்கியது. சுமார் 30,000 பேர் நிர்க்கதியானார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பின மக்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அந்த வருஷம் நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தது. ஜான்ஸ்டவுனுக்குக் கொட்டிய நன்கொடை இவங்களுக்கு வரலை.

கையில் இருந்ததை வைத்துப் பத்து மாதம் சமாளித்தார் கிளாரா. அளவான ரேஷன் கொடுத்தார். உடம்பில் தெம்பு இருக்கிறவங்க வடிகால் வெட்டினாங்க, வீடு கட்டினாங்க. பெண்கள் கூடி உட்கார்ந்து, வந்த துணிகளைத் தைத்துச் சரிசெய்தாங்க. உப்புநீர் வடிந்த நிலத்தில் விதைக்க விதைகள் கொடுக்கப்பட்டன. அடுத்த அறுவடை வந்துட்டா யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் கணக்கு.

1900 செப்டம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் புயல். பலியானவர்கள் 6,000-க்கும் மேல். 78 வயதில் அங்கேயும் போய் நின்றார். அந்தப் பகுதி விவசாயிகள் மறுபடி எழுந்திருக்க, சங்கம் லட்சக்கணக்கில் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளைக் கொடுத்தது.

குறையே இல்லாதவரா?

அப்படிச் சொல்ல முடியாது. எல்லா முடிவையும் தானே எடுக்கிறார், கணக்கு வழக்கு சரியில்லை என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1904-ல் பதவி விலகினார். 1912 ஏப்ரல் 12 அன்று, 90 வயதில், மேரிலாந்தின் க்ளென் எக்கோவில் காலமானார்.

அவர் உயிர் பிரிந்த அந்த வீடு இன்னும் இருக்கு. ஜான்ஸ்டவுனில் தற்காலிகமாகக் கட்டிய கட்டடங்களைப் பிரித்தபோது கிடைத்த மரங்களை வீணாக்காமல் கொண்டுவந்து கட்டிய வீடு அது. பல வருஷம் நிவாரணப் பொருட்களை அடுக்கி வைக்கும் கிடங்காகவும் அதையே வைத்திருந்தார்.

அடுத்த தடவை வெள்ள நிவாரணத்துக்கு நீங்க ஒரு பை அரிசி கொடுக்கும்போது, கொஞ்சம் பணத்தை எடுத்து வைங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு தையல் மெஷினுக்கோ, விதைநெல்லுக்கோ, பிள்ளைங்க நோட்டுப் புத்தகத்துக்கோ அது கண்டிப்பா தேவைப்படும். அப்போ அங்கே கேமரா இருக்காது. நீங்க இருக்கலாம்!