வாவிக்கரையில் எட்டு மாதங்கள்

எண்ணியது கைகூடும்போது இறைவனுக்கு நன்றி கூறுவது எவருக்கும் எளிது. எண்ணியது கைநழுவிப் போகும்போதுதான் விசுவாசம் சோதிக்கப்படுகின்றது. மட்டக்களப்பில் முதன்முதல் பணிபுரிந்த மெதடிஸ்த போதகரான வண. வில்லியம் ஓல்ட் அடிகளாரின் குறுகிய வாழ்வு இவ்வுண்மையை உணர்த்துவதாகும்.

இலங்கைக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட இளம் போதகர்கள் 6 பேருள் ஓல்டும் ஒருவர். அக்குழுவின் தலைவர் கலாநிதி தோமஸ் கோக். ஆசியாவில் திருப்பணி தொடங்க வேண்டுமென்பது அவரது நெடுநாள் கனவு. செலவுக்கென 6,000 பவுண் வரை தமது சொந்தப் பணத்தையே வழங்க முன்வந்த அவர், 66 வயதில் இளைஞர்களுடன் தாமும் கப்பலேறினார். 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிற்று.

எதிர்பார்ப்புகள் கடலிலேயே சிதறத் தொடங்கின. 1814 பெப்ரவரியில் ஓல்டின் இளம் மனைவி கப்பலில் உயிர்நீத்தார். மே 3ஆம் திகதி தலைவர் கோக் தமது அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். இருவருக்கும் கடலே கல்லறையாயிற்று. பணத்துக்கான ஏற்பாடுகள் யாவும் கோக்கின் பெயரிலேயே இருந்தமையால், பம்பாயில் இறங்கிய இளைஞர்கள் வழிகாட்டியும் கைப்பணமுமின்றித் திகைத்தனர். அந்நகர வணிகர் ஒருவர் கடனுதவி அளித்த பின்னரே அவர்களால் மேலே செல்ல முடிந்தது.

1814 ஜூன் 29ஆம் திகதி அவர்களிற் பெரும்பாலானோர் காலியை வந்தடைந்தனர். பின்னர் அங்கு கூடித் தத்தம் பணித்தலங்களைத் தீர்மானித்தனர். யாழ்ப்பாணத்துக்கு இருவர் சென்றனர். ஓல்டுக்கு வாய்த்தது மட்டக்களப்பு. மனைவியை இழந்த அவர், உடன் போதகர் எவருமின்றித் தனியே இங்கு வந்து சேர்ந்தார். புதிய மொழி, புதிய காலநிலை, அறிமுகமற்ற மக்கள். அவர் தமிழ் கற்க முற்பட்டார், பிரசங்கித்தார், பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளைத் தொடங்கினார். ஏறத்தாழ எட்டு மாதங்களே சென்றன. நோயுற்ற அவர் 1815 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். அவருக்குப் பின் சில காலம் இங்கு நிலையான போதகர் எவரும் இருக்கவில்லை.

அன்றைய நிலையில் இதனைக் கண்டோர் இம்முயற்சி வீணாயிற்று என்றே எண்ணியிருப்பர். இறைவனின் பணிக்கெனப் புறப்பட்டோரை இறைவனே கைவிட்டாரோ என்ற ஐயம் எழுவது மனித இயல்பே. கிறிஸ்தவ வேதம் இத்தகைய ஐயத்தை மறைப்பதில்லை. முஸ்லிம்கள் யஹ்யா (அலை) எனப் போற்றும் யோவான் சிறையிலிருந்தபோது, வர வேண்டியவர் இவர்தாமோ என்று கேட்டறியுமாறு இயேசுவிடம் தம் சீடர்களை அனுப்பினார் என அது கூறுகின்றது. அக்கேள்விக்காக யோவான் இகழப்படவில்லை; மாறாகப் புகழப்பட்டார். இறைவனிடமே கொண்டு செல்லப்படும் ஐயம் விசுவாசத்துக்குப் பகையன்று. தனது கணக்கின்படியே இறைவன் இயங்க வேண்டுமென்ற செருக்கே அதற்குப் பகையாகும்.

மக்களைத் தமது மதத்துக்கு அழைக்கும் நோக்குடனேயே ஓல்ட் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நோக்கைக் கொண்டு அளந்தால் பலன் சிறிதே. மட்டக்களப்பு இன்றும் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாவட்டமாகும். ஆனால், அவர் இட்ட வித்து வேறு விதமாக முளைத்தது. 1814ஆம் ஆண்டைத் தனது தொடக்க ஆண்டாகக் கொள்ளும் புளியந்தீவு மெதடிஸ்த மத்திய கல்லூரி, இலங்கையின் மிகப் பழைய பாடசாலைகளுள் ஒன்றாக 2014இல் இருநூறாண்டு நிறைவு கண்டது. வேறுபட்ட சமயங்களைச் சார்ந்த தலைமுறைகள் அங்கு எழுத்தறிவு பெற்றன. தம் சமயத்தைக் கைவிடாதோரும் அவரை நன்றியுடன் நினைவுகூருகின்றனர். வாவிக்கரையில் நிற்கும் அவரது சிலை அதற்குச் சான்று.

போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் மன்றாடியும் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இங்கு பலர். அவர்களுக்கு எளிதான விடை கூற எவருக்கும் தகுதியில்லை. ஓல்டின் வாழ்வும் அத்தகைய விடை எதனையும் தருவதில்லை. இருநூறாண்டின் பின் விளைந்த பயன் அவரது துயரை ஈடுசெய்துவிட்டது என்று கூறுவதும் பொருந்தாது. விளைச்சலைக் காணக் கிடைக்காத ஒருவரும் அன்றைய நாளின் கடமையை அன்றே செய்ய முடியும் என்பதையே அது காட்டுகின்றது. வித்திடுவது மாத்திரமே மனிதனின் பங்கு என்று ஏற்கும் பணிவு, எம் மூன்று சமயத்தவர்க்கும் பொதுவானதன்றோ?