ஒளியின் பணியை உணர்ந்த வைத்தியர்

உலகத்து உயிர்கள் பலவும் உண்ணும் உணவு பச்சிலையிலே தொடங்குகின்றது. அவ்வுணவை ஆக்குவதற்கு ஒளி இன்றியமையாதது என்பதைச் சோதனை வாயிலாக முதன்முதல் நிலைநாட்டியவர் தாவரவியற் பேராசிரியரல்லர். ஓர் அரசவை வைத்தியர். அவரே யான் இங்கன்ஹவுஸ்.

1730ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் பிரடா நகரிற் பிறந்த இவர், லூவேன் சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தந்தையார் மறைந்தபின் இங்கிலாந்து சென்றார். பெரியம்மை அக்காலத்தில் அரண்மனையென்றும் குடிசையென்றும் பாராது உயிர்களைக் கவர்ந்து வந்தது. நோயாளியின் கொப்புளத்து நீரிற் சிறிதளவைச் சுகதேகியின் தோலிற் செலுத்தி நோயைத் தடுக்கும் முறையில் இங்கன்ஹவுஸ் கைதேர்ந்தார். ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தில் 1767இல் அந்நோயால் மரணங்கள் நேரவே, மறு ஆண்டு இவர் வியன்னாவுக்கு அழைக்கப்பட்டார். கை தவறின் அரச குமாரரின் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை பலித்தது, அரசவை வைத்தியர் பதவியும் ஆயுள்வரை வேதனமும் கிட்டின.

வசதியோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு புதிர் அவரை ஈர்த்தது. மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி திருத்துமென ஆங்கில அறிஞர் யோசெப் பிறீஸ்ற்லி 1771இற் கண்டிருந்தார். எனினும் அச்சோதனை சிலவேளை பலித்தது, சிலவேளை பொய்த்தது.

1779ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனுக்கு அண்மையில் ஒரு நாட்டுப்புற மனையிலே தங்கி, மூன்று மாதங்களில் 500க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார் இங்கன்ஹவுஸ். நீரில் அமிழ்த்திய இலைகளில் வெயில் பட்டதும் குமிழிகள் எழுந்தன. அவற்றைச் சேர்த்துச் சுடர் காட்டியபோது அது பிரகாசமாக எரிந்தது. இருளில் வைத்த இலைகளோ காற்றைக் கெடுத்தன. வேலை செய்வது சூரியனின் வெப்பமன்று, ஒளியே; காற்றைத் திருத்துவன பச்சை நிறப் பாகங்களே; வேரும் மலரும் பகலிலும் காற்றைக் கெடுப்பனவே. இம்முடிவுகளை அவ்வாண்டிலேயே நூலாக வெளியிட்டார். ஒளியைக் கணக்கில் எடாமையே முன்னைய சோதனைகள் தடுமாறியமைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் உரிமை பற்றி எழுந்த பிணக்கு அவர் மனத்தை நெடுங்காலம் வருத்தியது. ஆயினும் ஆராய்ச்சியை விட்டாரல்லர். தாவரங்கள் தமக்கு வேண்டிய காபனைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்தே பெறுகின்றன என 1796இல் எழுதினார். நீரின் பங்கை 1804இல் தே சொசூர் காட்டினார். இலையின் கலங்களிலுள்ள பச்சையவுருமணிகள் ஒளியைப் பற்றி, நீரைப் பிரித்து ஒட்சிசனை வெளிவிடுகின்றன என்பதும், காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லம் ஆக்குகின்றன என்பதும் பின்வந்தோர் கண்ட விரிவுகளாம்.

1788இல் வியன்னாவை விட்டுப் பயணம் புறப்பட்டவர், மறு ஆண்டு பாரிசிற் புரட்சியின் நடுவே அகப்பட்டார். அங்கிருந்து தப்பி ஒல்லாந்துக்கும், பின்னர் இங்கிலாந்துக்கும் சென்றார். போர்கள் மூண்டன, வியன்னாவுக்கும் அங்கிருந்த மனைவியிடத்துக்கும் அவர் திரும்பவேயில்லை. 1799இல் போவுட் மாளிகையிற் காலமானார். 1774இல் பிறீஸ்ற்லி ஒட்சிசன் வாயுவைப் பிரித்தெடுத்த இடமும் அம்மாளிகையே.

பாடசாலை ஆய்வுகூடத்தில் நீர்ப்பூண்டைப் புனலின்கீழ் இட்டு, வெயிலில் எழும் குமிழிகளை எண்ணும் மாணவர் அவர் தொடங்கிய சோதனையையே இன்றும் தொடர்கின்றனர்.