பட்டறைக்காரர் ஹென்றி மாட்ஸ்லே



முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் என் ஜாப்பை, நீல மை தடவிய சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்துப் பார்த்தபோது மூன்றே இடத்தில்தான் மை ஒட்டியது. மீதியெல்லாம் பள்ளம். மூன்று நாள் ராவியதற்குக் கிடைத்த மரியாதை அது! எந்தப் புண்ணியவான் இதையெல்லாம் பட்டறைக்குள் கொண்டுவந்தானோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தேடிப் படித்தேன். அகப்பட்டவர் ஹென்றி மாட்ஸ்லே. லேத் பாடத்தில் இரண்டு மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்கிற அதே பெயர்தான்.

1771-இல் லண்டனுக்கு அருகே உல்விச்சில் பிறந்தார். அப்பா அங்கிருந்த அரசு ஆயுதச்சாலை ஊழியர். ஹென்றிக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவர் காலமானார். பன்னிரண்டு வயதில் பையனும் அதே ஆயுதச்சாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போனான். பிறகு தச்சுப்பட்டறை, அதன்பின் கொல்லுப்பட்டறை. காலேஜ் வாசலை மிதித்தவரல்ல.

பதினெட்டு வயதில், லண்டனில் பூட்டுத் தயாரித்த ஜோசப் பிராமாவிடம் சேர்ந்தார். அந்தப் பூட்டைக் கள்ளச்சாவி போட்டு 1851 வரை ஒருவராலும் திறக்க முடியவில்லை. ஆனால் அத்தனை நுணுக்கமான பாகங்களைக் கையால் செய்து மாளவில்லை. அதற்கான மெஷின்களைச் செய்து கொடுத்தவர் நம்ம ஆள். சீக்கிரமே ஃபோர்மேன் ஆகிவிட்டார். தன்னைவிட மூத்த கைக்காரர்களை, அவர்கள் அறியாத மெஷினுக்குப் பழக்க வேண்டிய பொறுப்பு அந்த வயதில்! 1797-இல், வாரம் முப்பது ஷில்லிங் போதவில்லை, கூட்டித் தாருங்கள் என்று கேட்டார். முதலாளி மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறிச் சொந்தப் பட்டறை போட்டார். பிராமாவுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்தக் காலத்து டர்னர் உளியைக் கையில் பிடித்துத்தான் இரும்பைக் கடைந்தார். கை நடுங்கினால் ஜாப் போச்சு. டூலைக் கையிலிருந்து வாங்கி ஸ்லைட் ரெஸ்ட்டில் பூட்டி, லீட் ஸ்க்ரூவும் சேஞ்ச் கியரும் சேர்த்து, 1800 வாக்கில் திரெட் வெட்டும் லேத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார் மாட்ஸ்லே. அவருக்கு முன்னும் சிலர் முயன்றிருக்கிறார்கள். பட்டறையில் அன்றாடம் ஓடவைத்தவர் இவரே. அதுவரை ஒரு நட்டு அதன் ஜோடி போல்ட்டுக்குத்தான் சேரும். ஜோடி மாறினால் குப்பைதான். இவர் பட்டறையில் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்து வந்தது போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்து வேலை. பாய்மரக் கப்பலுக்கு மரக் கப்பிகள் தேவை. ஆங்கிலக் கடற்படைக்கு ஆண்டுக்கு லட்சம் வேண்டும். மார்க் புரூனெல் வடிவமைத்த 45 மெஷின்களை மாட்ஸ்லேதான் இரும்பில் செய்து கொடுத்தார். 1808-இல் அவை 1,30,000 கப்பிகளைத் தந்தன. முன்பு 110 பேர் செய்த வேலைக்குப் பத்தே பேர் போதும் என்றாயிற்று.

மீதி நூறு பேர் என்ன ஆனார்கள்? இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சி.என்.சி. வந்தாச்சு, ரோபோ வந்தாச்சு, நமக்கு வேலை எங்கே என்று ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாகப் பேசுகிறோமே, அதே கேள்விதான். மாட்ஸ்லே அதற்குப் பதில் வைத்திருந்தார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மெஷின்களைச் செய்யத் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன. 1810-இல் அவரிடம் ஏறக்குறைய 80 பேர் வேலை பார்த்தார்கள். இடம் போதாமல் லாம்பெத்துக்குப் பட்டறை மாறியது.

அந்த ஆட்களை அவர் நடத்திய விதம்தான் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் சர்ஃபேஸ் பிளேட் வைத்தார். பத்தாயிரத்தில் ஓர் அங்குலம் அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று செய்து, அதற்கு அன்று நாட்டின் உச்ச நீதிபதியாக இருந்த லார்ட் சான்சலரின் பட்டப்பெயரைச் சூட்டினார். சரியா தப்பா என்று சண்டை வந்தால் தீர்ப்பு அந்தக் கருவியுடையது, முதலாளியுடையதுகூட அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பட்டறையில் சுற்றிவந்து, அவரவர் பெஞ்சில் பாராட்டோ குறையோ சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். திங்கள் காலை எல்லோருக்கும் தெரிந்துவிடும்! யாராவது திணறினால் அரத்தைத் தானே வாங்கி ராவிக் காட்டுவார்.

1829-இல் இருபது வயது ஜேம்ஸ் நாஸ்மித் எடின்பரோவிலிருந்து வந்தார். பயிற்சிக்குப் பையன்களைச் சேர்த்துச் சலித்துப்போன மாட்ஸ்லே, அந்த வழக்கத்தையே விட்டிருந்த நேரம் அது. பையன் தானே செய்த நீராவி எஞ்சின் மாடலையும் வரைபடங்களையும் காட்டினான். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. தன் உதவியாளாகவே வைத்துக்கொண்டார். சம்பளம் வாரம் பத்து ஷில்லிங். பின்னாளில் நீராவிச் சம்மட்டியைப் படைத்தவர் அவர்தான். 1841-இல் திரெட்டுக்கு 55 டிகிரி தரம் வகுத்த விட்வொர்த், பிளேனிங் மெஷின் செய்த ராபர்ட்ஸ், பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்துக்குப் பாகம் செய்த கிளமென்ட் எல்லோரும் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்களே. யாரையும் அவர் பிடித்துக் கட்டிவைக்கவில்லை.

1831 ஆரம்பத்தில் பிரான்சில் நோயுற்றிருந்த நண்பரைப் பார்த்துத் திரும்பும்போது சளி பிடித்தது. அதிலிருந்து மீளாமல் பிப்ரவரி 14-இல் காலமானார். வயது 59. பிறந்த உல்விச்சிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைச் சின்னத்தைக்கூட அவரே வடிவமைத்து வைத்திருந்தார். அது கல்லில் அல்ல, வார்ப்பிரும்பில்.