ஜெனரல் கிராண்டின் சுயசரிதை

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வட மாகாணங்களுக்கு வெற்றி தேடித் தந்தவரும், 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவருமான யுலிஸிஸ் கிராண்ட், தமது 62-ஆம் பிராயத்தில் பரம ஏழையானார். தம் குமாரரும் வார்டு என்பவரும் நியூயார்க்கில் நடத்திய லேவாதேவிக் கம்பெனியில் கைப்பொருளைப் போட்டிருந்தார். வார்டின் மோசடியால் 1884 மே மாதம் கம்பெனி முறிந்தது. ஜனாதிபதியானபோது ராணுவப் பதவியைத் துறந்தவராதலால் உபகாரச் சம்பளமும் கிடையாது. யுத்தத்தில் பெற்ற வாள்களும் பதக்கங்களும் கடனுக்கு ஈடாகச் சென்றன.

அதற்குமுன் மறுத்து வந்த ஒரு காரியத்துக்கு அப்போது இசைந்தார். ‘ஸெஞ்சுரி’ பத்திரிகைக்கு ஷைலோ யுத்தத்தைப் பற்றி ஒரு வியாசம் எழுதியனுப்பினார். சர்க்கார் அறிக்கையைப் போல் அது வறண்டு கிடந்தது. பட்டாளங்களின் போக்குவரவு தெரிந்ததேயன்றி, அவற்றை நடத்தியவரின் உள்ளம் எங்கும் தென்படவில்லை. பத்திரிகையின் உதவி ஆசிரியர் நேரில் சென்று பேச்சுக் கொடுத்தார். அதே யுத்தத்தைக் கிராண்ட் வாயாற் சொன்னபோது உயிர் ததும்பிற்று. பேசுகிறபடியே எழுதுமாறு ஆசிரியர் வேண்டிக்கொள்ள, கிராண்ட் சிரமம் பாராது மறுபடியும் எழுதினார்.

அவ்விதம் கற்ற வித்தையைப் பின்னர் அவர் எழுதிய புத்தகத்திற் காணலாம். ஷைலோவில் முதல் நாட் போர் ஓய்ந்த இரவு, மழை கொட்டுகிறது, குதிரை விழுந்ததால் வீங்கிய கணுக்காலுடன் தளகர்த்தர் மரத்தடியில் கிடக்கிறார். வலி பொறாது பக்கத்து வீட்டுக்குள் செல்கிறார். அங்கே காயமுற்றோரின் கை கால்களை வைத்தியர்கள் அறுத்துக்கொண்டிருக்கின்றனர். காணச் சகியாமல் மீண்டும் மழைக்கே திரும்புகிறார். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லாமல் இதனைச் சொல்லியிருக்கிறார்.

1884 இறுதியில் தொண்டையிற் புற்றுநோய் கண்டது. ஸெஞ்சுரி கம்பெனியார் புத்தகத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தருவதாகச் சொன்னார்கள். ஹாஸ்ய ஆசிரியர் மார்க் ட்வெய்னோ தமது கம்பெனியின் மூலம் நிகர லாபத்தில் நூற்றுக்கு எழுபது தர முன்வந்தார். (நம் நாட்டு நூலாசிரியர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவார்கள்!) சிறிது காலம் கிராண்ட் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். குரல் அடங்கியபின் போர்வைக்குள் உட்கார்ந்து தாமே எழுதினார். வைத்தியரிடம் பேசுவதும் துண்டுக் காகிதத்திலேதான்.

குறையும் கூறத்தான் வேண்டும். 1865-இல் யுத்தம் முடிந்ததோடு நூலும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஊழல்கள் மலிந்த ஜனாதிபதிக் காலத்துக்கு அதில் இடமில்லை. மரணம் அவகாசம் தரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1854-இல் ராணுவத்தை விட்டு விலகியதற்குச் சம்பளம் போதாமையை மட்டும் கூறி, ஊரறிந்த குடியைப் பற்றி வாய் திறவாதிருப்பதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. பிறர் விஷயத்தில் அவ்வளவு நியாயம் பார்த்தவர், தம் விஷயத்தில் மௌனத்தைக் கைக்கொண்டார்.

1885 ஜூலையில் மெக்ரிகர் மலையில் புத்தகத்தை முடித்தார். சில தினங்களுக்குள், 23-ஆந் தேதி, உயிர் நீத்தார். இரண்டு பாகங்களும் வீடு வீடாக விற்பனையாயின. அவருடைய மனைவி ஜூலியாவுக்கு 4,00,000 டாலருக்கு மேல் கிடைத்தது.