மூதூரில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் கொட்டியாரக்குடா. அதன் கரையில் மூதூர். அங்கே 1893ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட நினைவுக்கல் ஒன்று, ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் 1660ஆம் ஆண்டில் ஒரு மரத்தடியில் பிடிபட்டதைக் கூறுகிறது. அத்தலைவரோடு சிறைப்பட்ட அவர் மகனே நம் தீவைப்பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்ற றொபேட் நொக்ஸ். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். நூலை அறிந்தோர் பலர். பத்தொன்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் அவர் மணம் செய்ய மறுத்த கதையை அறிந்தோர் சிலரே.

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தருகே புயலில் கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதைச் சீர்செய்யவே கொட்டியாரத்துக்கு வந்தார்கள். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு முறைப்படி ஓலையும் காணிக்கையும் அனுப்பாதது பெரும் பிழையாயிற்று. திசாவை ஆட்களுடன் வந்து, நயமாகப் பேசியே பதினாறு பேரைப் பிடித்துச் சென்றான். அப்போது நொக்ஸுக்கு வயது பத்தொன்பது.

அரசன் அவர்களை ஊர் ஊராகப் பிரித்து வைத்தான். ஊராரே உணவளிக்க வேண்டும் என்பது கட்டளை. பண்டாரகொஸ்வத்தையில் காய்ச்சலுற்று 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகன் தானும் நோயாளியாய் இருந்தபடியே அவரை அடக்கஞ் செய்தார். அவ்வூரிலேதான் ஒரு முதியவர் கொண்டுவந்த ஆங்கில வேதாகமம், ஒரு பின்னல் தொப்பிக்கு விலையாக அவர் கைக்கு வந்தது. நொக்ஸ் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அந்தப் புத்தகத்தைப் பெற்ற நாளில் அவர் அடைந்த மகிழ்ச்சி நமக்கு அந்நியமானதன்று.

ஆண்டுகள் சென்றன. விடுதலை வருமென்ற நம்பிக்கை தளர்ந்தபோது, தோழர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. கிறிஸ்தவப் பெண்கள் இல்லாத நாட்டில், வேறு சமயத்துப் பெண்ணை மணப்பது தகுமா? கலப்பு மணத்துக்கு ஆயரின் அனுமதி கேட்டுப் பங்குத்தந்தையிடம் வரும் பெற்றோர் இக்கேள்வியின் பாரத்தை அறிவார்கள். அந்தக் கைதிகளுக்கோ கேட்பதற்குக் குருவும் இல்லை. பலர் தகும் என்றே துணிந்து, சிங்களப் பெண்களை மணந்து, சாராயம் வடித்தும் நெல்லைக் கடன் கொடுத்தும் குடும்பம் நடத்தினார்கள்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. அவர்களைச் சிறைப்பிடித்த அரசனின் தாயே ஞானஸ்நானம் பெற்ற டொனா கத்தரீனா. அவன் மனைவியோ தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவள். ஒல்லாந்தருக்கு அஞ்சி வந்த போர்த்துக்கேயக் குடும்பங்கள் ருவன்வெல்லையில் குடியிருந்தன. 1672இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது அரசனிடம் தூது சென்ற தெ லானரோல் என்பவரும் திரும்பவில்லை; அப்பெயர் இன்று சிங்களவரிடையே குடும்பப் பெயராக வழங்குகிறது. நமது பாலையூற்றுப் பறங்கியர் மத்தியிலும் போர்த்துக்கேயப் பெயர்களைக் கேட்கிறோமல்லவா?

நொக்ஸ் மட்டும் இணங்கவில்லை. தொப்பி பின்னி விற்றுச் சேர்த்த பணத்தில், எலதெத்த என்னுமிடத்தில் இருபத்தைந்து லாரின் காசுக்கு நிலம் வாங்கினார். மணமாகாதவர் மட்டுமே அங்கு வாழலாம் என்று விதித்து மூன்று தோழரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களிலும் இருவர் மணம் செய்து விலகினார்கள். எஞ்சியவர் ஸ்டீபன் றட்லண்ட் ஒருவரே. மனைவி மக்கள் வந்தால் கால் கட்டுப்படும், ஊர் திரும்பும் எண்ணம் மறையும் என்பதே நொக்ஸின் அச்சம். அவரைச் சிங்களவரை வெறுத்தவர் என்று சொல்வது தவறு. அவர்களின் பழக்கவழக்கங்களை அவர் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தார் என்பதை நூல் காட்டும்.

ஆனால் வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்தது. தோழர் ஒருவருக்குப் பிறந்த கலப்பினச் சிறுமி லூசியா. அவளைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். மணத்தால் வரும் கட்டுக்கு அஞ்சியவருக்கு அன்பின் கட்டு இப்படி வந்து சேர்ந்தது.

1679 செப்டெம்பரில் சரக்கு விற்கப் போவதுபோல நொக்ஸும் றட்லண்டும் வடக்கே புறப்பட்டார்கள். அனுராதபுரம் கடந்து, வன்னியரின் ஆட்களுக்கு அஞ்சிக் காட்டில் மறைந்து, அருவியாற்றோரமாக நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். லூசியா எலதெத்தவில் நின்றுவிட்டாள்.

1681இல் நூல் வெளிவந்தது. பிறகு அவர் கப்பல் தலைவரானார். தாமே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர், மடகஸ்காரில் அடிமைகளை ஏற்றி விற்கும் தொழிலிலும் இறங்கினார் என்பதை மறைக்க முடியாது. அந்த இருளை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கடைசிவரை மணம் செய்யாமலே 1720இல் இறந்தார். விம்பிள்டனில் அவரது கல்லறை. கண்டியில் விட்டுவந்த வீட்டையும் நிலத்தையும் அவர் தோழர்கள் எவருக்கும் கொடுக்கவில்லை. அவை லூசியாவுக்கே உரியவை என்று எழுதி வைத்தார்.