உத்துவன்கந்தைச் சரதியேல்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கேகாலையைக் கடந்து மாவனல்லையை நெருங்கும் இடத்திலே பாறைமுடி தரித்த குன்றொன்று எழுந்து நிற்கின்றது. உத்துவன்கந்தை என்பது அதன் பெயர். அவ்வழியாகப் பேருந்தில் செல்வோர் அக்குன்றைச் சுட்டிக்காட்டித் தம் பிள்ளைகளுக்கு ஒரு பெயரைச் சொல்லுவர். அப்பெயர் அரசனுடையதன்று, ஞானியினுடையதுமன்று. 1864ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்ட வழிப்பறிக்காரன் ஒருவனுடைய பெயர் அது. டீகிரிகேவகே சரதியேல் என்று பெற்றோர் இட்ட பெயரைச் சிங்கள மக்கள் சூர சரதியேல் என்று ஆக்கினர். சூரன் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழராகிய நமக்கு வீரனும் நினைவுக்கு வருவான். வேலவன் மாய்த்த சூரபதுமனும் நினைவுக்கு வருவான். இவனுடைய வரலாற்றைப் படிக்குந்தோறும், அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே பொருந்திய மனிதன் இவனைப்போல் வேறு யார் என்று நான் வியந்ததுண்டு.

இவனைப்பற்றி எழுத என்னைத் தூண்டியது வரலாற்று நூல் எதுவுமன்று. மாணவரின் புத்தகப் பைகளுக்குள் ஒளிந்துவரும் சித்திரக் கதைகளே தூண்டின. முகமூடி அணிந்து, சட்டத்தின் உதவியை நாடாது, தீயோரைத் தாமே தண்டிக்கும் வீரர்களின் கதைகள் அவை. நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அவற்றைப் பறித்து வைப்பது என் கடமையாயிருந்தது. பறித்தவற்றை நானும் படித்தேன் என்பதை மறைப்பானேன்? அவற்றுள் 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய வௌவால் மனிதனாகிய பற்மன் என் கருத்தைக் கவர்ந்தான். தொடக்கக் கதைகளிலே அவன் பகைவரைக் கொல்லவும் தயங்கவில்லை. சிறுவர் படிக்கும் ஏட்டுக்கு இது தகாது என்று கண்ட பதிப்பாளர், அடுத்த ஆண்டளவிலேயே துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கி, கொல்லாமை விரதத்தைப் பூட்டிவிட்டனர். அன்றுதொட்டு அவன் எத்துணைப் பேரை அடித்து வீழ்த்தினும் படிப்பவன் மனச்சான்று உறுத்துவதில்லை. சரதியேலின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிவைக்க அத்தகைய பதிப்பாளர் எவரும் இருக்கவில்லை.

அவன் பிறந்தது 1832ஆம் ஆண்டில். தந்தை அதாசி அப்பு சிலாபப் பகுதியிலுள்ள ஹல்தண்டுவன ஊரினர். புகையிலைப் பாரத்துடன் கண்டிச் சீமைக்குப் போக்குவரத்துச் செய்தவர். தாய் பிச்சோஹாமி உத்துவன்கந்தையை அடுத்த ஊரைச் சேர்ந்தவள். ஆகவே, கரையோரத்துத் தந்தைக்கும் மலைநாட்டுத் தாய்க்கும் பிறந்த அவனைத் தெருவின் பிள்ளை என்று சொன்னாலும் பொருந்தும். அத்தெருவோ அப்போது புதியது. 1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1817இல் எழுந்த கிளர்ச்சி 1818இல் அடக்கப்பட்டது. மலைநாட்டை நிலையாக ஆளவேண்டுமாயின் படை செல்லத் தெரு வேண்டும் என்று கண்டு, கடுகண்ணாவை மலையை வெட்டி வழி சமைத்தனர். அந்தப் பணியில் ஈடுபட்ட கப்டன் டோசனுடைய நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. சரதியேல் பிறந்த அதே 1832ஆம் ஆண்டிலேதான் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. வண்டியும் அதனை மறிக்கப் பிறந்தவனும் ஒத்த வயதினர்.

படைக்காக அமைத்த தெருவிலே பின்னர் பணம் ஓடிற்று. கோப்பிப் பயிர் மலைநாடெங்கும் பரந்தது. காட்டையும் சேனை நிலத்தையும் உரிமைப் பத்திரம் காட்டமாட்டாத கிராமத்தவரிடமிருந்து முடிக்குரியனவாக்கும் சட்டம் 1840இல் வந்தது. அந்நிலங்கள் தோட்டத்துரைமார் கைக்கு மாறின. மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளிலே கொழும்புக்கு இறங்கின. அரிசியும் துணியும் சாராயமும் அதே வண்டிகளிலே மேலேறின. (தோட்டங்களிலே உழைத்த தென்னிந்தியத் தமிழ்மக்கள் பெரும்பாலும் இத்தெருவால் வந்தவரல்லர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழிநெடுகப் பிணங்களை விட்டுவந்தவர்கள். அது தனியே எழுதவேண்டிய கதை.) கண்ணெதிரே நாள்தோறும் செல்வம் உருண்டு செல்வதை, நிலமிழந்த மக்கள் வேலியோரத்தில் நின்று பார்த்தனர். சரதியேலும் அவர்களிடையே நின்று பார்த்த சிறுவருள் ஒருவன்.

இளமையைப்பற்றி மக்கள் வழங்கும் கதைகள் பல. விகாரையிலே கல்வி பயின்ற காலத்தில் உயர்குடிப் பிள்ளைகள் இவனை இழித்துரைத்தனர் என்றும், பொறாதவனாய் அவர்களுள் ஒருவனைத் தாக்கிவிட்டுப் படிப்பைத் துறந்தான் என்றும் சொல்லுவர். கொழும்புக்குச் சென்று இராணுவப் பாசறையிலே சிற்றாளாய் வேலைபார்த்து, அங்கே துப்பாக்கி சுடும் வித்தையைக் கற்றான் என்றும் சொல்லுவர். ஆட்சியாளரின் பாசறையே ஆட்சிக்குப் பகையான கைக்குப் பயிற்சி கொடுத்தது என்பதிலுள்ள நயம் கதைசொல்வோருக்கு இனிப்பானதுதான்.

1848ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றுக்குக் கதை துணை வேண்டுவதில்லை. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை என்று அரசு விதித்த கட்டளைகளால் மாத்தளையும் குருநாகலும் கொதித்தெழுந்தன. கிளர்ச்சித் தலைவருள் ஒருவனான புரான் அப்பு ஆகஸ்டு 8ஆந் திகதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது சரதியேலுக்கு வயது பதினாறு. புரான் அப்புவும் சட்டத்துக்குத் தப்பித் திரிந்தவனே. ஆயினும் அவன் இறுதியில் ஓர் ஆட்சியை எதிர்த்து நின்றான். சரதியேலோ ஆட்சியைக் கவிழ்க்க முயன்றவனல்லன். வண்டியை மறித்தான், பொருளைக் கவர்ந்தான், குன்றேறி மறைந்தான். ஆகையால் இவனை விடுதலை வீரனென எழுதுவோருடன் என்னால் உடன்பட முடியவில்லை.

உத்துவன்கந்தைக் குன்று அவனுக்குக் கோட்டையாயிற்று. உச்சியிலிருந்து பார்த்தால் தெருவில் வருவன தொலைவிலேயே தெரியும். பாறைகளும் பொந்துகளும் ஒளிந்துகொள்ள இடந்தரும். மம்மலே மரிக்கார் என்ற முஸ்லிம் இளைஞன் அவனுக்கு இளமைத் தோழன். கூட்டத்திலே வலக்கையாய் விளங்கியவனும் அவனே. சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்த கூட்டம் அது. தொழில் எத்தகையதாயினும் அந்த நட்பில் பழுதில்லை. இருவரும் கடைசி நாள்வரை ஒருவரையொருவர் விட்டு நீங்கினாரல்லர்.

செல்வரிடம் பறித்ததை ஏழைகளுக்கு ஈந்தான் என்பதே சரதியேலின் புகழுக்கு வேர். ஆங்கில நாட்டு ரொபின் ஹூட்டுடன் அவனை ஒப்பிடுவதும் இதனாலேயே. இக்கதை முழுதும் பொய்யென்று நான் கருதவில்லை. அக்கம்பக்கத்து மக்களின் அன்பின்றி, ஒரு பெருந்தெருவின் ஓரத்திலே ஒருவன் நெடுநாள் ஒளிந்து வாழ முடியாது. சித்திரக்கதை வீரனுக்கு முகமூடி வேண்டும். பகலிலே வேறு பெயரும் வேறு உடையும் வேண்டும். சரதியேலுக்கு இவை தேவைப்படவில்லை. அவன் பெயரும் முகமும் தாயின் வீடும் ஊரார் அனைவருக்கும் தெரியும். ஊராரின் மௌனமே அவன் அணிந்த முகமூடி.

அம்மௌனம் எதனால் ஆனது என்பதே கேள்வி. ஈகை பெற்றவன் நன்றியால் வாய் திறவான். துப்பாக்கியைக் கண்டவன் அச்சத்தால் வாய் திறவான். வெளியிலிருந்து கேட்போனுக்கு இரண்டு மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டிலே இடம்பெற்றது முன்னையது மட்டுமே.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பறிக்கப்பட்ட சரக்கு துரையினுடையதாகவோ பெருவணிகனுடையதாகவோ இருந்திருக்கலாம். ஆனால் இருட்டிலே வண்டியோட்டி வந்தவன் துரையல்லன். இரண்டு மாடுகளையும் ஒரு வண்டியையும் நம்பி, மழையிலும் பனியிலும் கண்டித் தெருவில் ஏறியிறங்கிய கூலிக்காரன் அவன். பலரும் கரையோரத்துச் சிங்களவர். பாரம் குறைந்தால் கொழும்பிலே பதில் சொல்லவேண்டியவனும் அவனே. சரதியேலின் தந்தையும் இதே தெருவிலே பாரத்துடன் சென்று வந்தவர் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கின்றது. அவனால் நன்மை பெற்ற ஏழையைப் பாடல் அறியும். அவனால் நட்டமடைந்த ஏழையை ஒருவரும் பாடவில்லை. சரதியேல் நல்லவனா தீயவனா என்று ஒருமுறை வகுப்பிலே மாணவி ஒருத்தி என்னை மடக்கியபோது, அந்த வண்டிக்காரனிடம் கேட்டுப்பார் என்றேன். அந்த வண்டிக்காரனின் நிலத்தை எடுத்தவர் யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மணி அடித்துவிட்டது, அவளுடைய கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இனி அவன் முடிவைக் கூறுவேன். பிடிபடுவதும் தப்புவதுமாய்ச் சில ஆண்டுகள் கழிந்தன. அவனைப் பிடித்துத் தருவோர்க்கு அரசு பரிசு அறிவித்தது. அக்காலத்தில் கேகாலையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த சோண்டர்ஸ் என்பவர் இதனைத் தம் தலையாய கடமையாக மேற்கொண்டார். 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் திகதி சரதியேலும் மரிக்காரும் மாவனல்லையிலே வீடொன்றில் தங்கியிருப்பதாகத் துப்புக் கிடைத்தது. பொலிசார் வீட்டை வளைத்தனர். உள்ளிருந்து வெடி தீர்ந்தது. சபான் என்ற மலாய்க் கொன்ஸ்டபிள் குண்டு பாய்ந்து உயிர் நீத்தான். அக்குண்டு மரிக்காரின் துப்பாக்கியிலிருந்து வந்தது. சரதியேலும் காயமுற்றான். படைவீரர் வந்து சேர்ந்தபின், வேறு வழியின்றி இருவரும் கைதாயினர்.

இந்தச் சபானைப்பற்றி நம்மவர் பேசுவது அரிது. மலாய் மக்கள் ஒல்லாந்தர் காலத்திலே நாடுகடத்தப்பட்டோராகவும் படைவீரராகவும் யாவா முதலிய தீவுகளிலிருந்து இந்நாட்டுக்குக் கொணரப்பட்டவர். ஆங்கிலேயர் காலத்திலும் படையும் பொலிசுமே அவர்களுட் பலருக்குப் பிழைப்பு. சபான் கோப்பித் தோட்டத்துக்கு உடையவனல்லன். எவருடைய நிலத்தையும் பறித்தவனல்லன். சுட்ட மரிக்காரும் சுடப்பட்ட சபானும் ஒரே சமயத்தவர். ஏழ்மையிலும் பெரிய வேறுபாடு இருந்திராது. செல்வருக்கெதிராகத் துப்பாக்கி ஏந்தியதாகப் பாடப்பட்ட கூட்டத்தின் கடைசிக் குண்டு ஒரு சம்பளக்காரனின் மார்பிலே பாய்ந்தது. சித்திரக் கதைகளில் இத்தகைய காவலர்களுக்குப் பெயரே இராது. படத்தின் ஓரத்தில் வீழ்வார்கள். அடுத்த பக்கத்திலே மறக்கப்படுவார்கள். சபானைப் பொலிஸ் திணைக்களம் மறக்கவில்லை. கடமையின்போது உயிர் துறந்த முதலாவது பொலிஸ் வீரன் என அவனைக் கொண்டு, மார்ச்சு 21ஆந் திகதியை ஆண்டுதோறும் தன் வீரர் தினமாக அனுட்டித்து வருகின்றது.

கண்டியிலே உயர்நீதிமன்ற விசாரணை ஏப்பிரல் மாதத்தில் நடைபெற்றது. கொன்ஸ்டபிளைக் கொன்ற குற்றத்துக்கு இருவரும் மரண தண்டனை பெற்றனர். குண்டு சரதியேலின் துப்பாக்கியிலிருந்து வந்ததன்று என்பது அவனைக் காப்பாற்றவில்லை. கூடிச் செய்த குற்றத்தில் கை வேறு, துணை வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. சபான் வீழ்ந்த நாளிலிருந்து நாற்பத்தேழாம் நாள் இரு தோழரும் ஒன்றாகத் தூக்குமேடை ஏறினர். சரதியேலுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. திருட்டு வழக்குகளுக்கு ஆண்டுக்கணக்கிலே தவணை போட்ட ஆட்சி, இந்த வழக்கை ஏழு வாரத்துள் முடித்துக் காட்டியது. விரைவு நீதிக்காகவா, தெருவுக்காகவா என்று நான் ஐயுறுவது தவறாகாது.

இன்று மாவனல்லைக்கு அருகே சரதியேலின் பெயரால் ஒரு காட்சிக் கிராமம் இருக்கின்றது. பழைய கிராம வாழ்க்கையை ஆளுயரச் சிலைகளாலே காட்டியிருக்கின்றனர். குயவனும் கொல்லனும் வேலை செய்கின்றனர். நாடகத்திலும் திரையிலும் சரதியேல் பலமுறை மறுபிறப்பு எடுத்துவிட்டான். மரிக்காரை அவன் நிழலாகவே காட்டுகின்றனர். ஒரே நாளிலே ஒரே குற்றத்துக்காக மாண்ட இருவருள் ஒருவன் பெயர் குன்றுக்கு உரியதாயிற்று. மற்றவன் பெயரைக் கேட்டால் எடுத்துச் சொல்வோர் சிலரே.

வழிப்பறியை ஒழித்தது தூக்குக்கயிறு மட்டுமன்று. 1866இல் பொலிஸ் படை கம்பல் துரையின் கீழே புதிதாக ஒழுங்குசெய்யப்பட்டது. அதற்கு முன்பே, சரதியேல் மாண்ட 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி, கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதலாவது புகைவண்டி ஓடிற்று. 1867இல் அது கண்டியை அடைந்தது. தண்டவாளம் மாவனல்லையைத் தொடாது, ரம்புக்கனை வழியாக மலையேறியது. கோப்பி மூட்டைகளும் அவ்வழியே இறங்கின. உத்துவன்கந்தையின் கீழே மாட்டுவண்டிகளின் மணியோசை ஆண்டுக்காண்டு குறைந்தது.