மூச்சு உள்ளவரை பாட்டு!

அமெரிக்காவில் கிராமத்து மக்கள் விரும்பிக் கேட்கும் இசை ஒன்று உண்டு. அதற்குக் 'கண்ட்ரி' இசை என்று பெயர். அந்த இசையின் தந்தை என்று போற்றப்படுபவர், ஜிம்மி ராட்ஜர்ஸ்.

இவர் புகழோடு பாடியது 6 ஆண்டுகள் கூட இல்லை. அத்தனை நாளும் அவருடைய நுரையீரலைக் காசநோய் அரித்துக் கொண்டிருந்தது!

தண்ணீர் சுமந்த சிறுவன்

ஜிம்மி 1897-ம் ஆண்டு பிறந்தார். மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெரிடியன், அவருடைய ஊர். தந்தை ரெயில் பாதை வேலையில் மேஸ்திரி. தாய், ஜிம்மியின் சிறு வயதிலேயே இறந்து போனார்.

பையனுக்குப் பாட்டு என்றால் உயிர். 13 வயதில், ஆடிப்பாடி மருந்து விற்கும் ஒரு கூட்டத்துடன் ஓடிப்போனான். தந்தை அவனைத் திரும்ப அழைத்து வந்து, ரெயில் பாதையில் வேலைக்குச் சேர்த்தார்.

தண்டவாளம் போடும் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவன் வேலை. அவர்களில் பலர் நீக்ரோக்கள். வேலையின் களைப்புத் தெரியாமல் இருக்க அவர்கள் பாடுவார்கள். அந்தப் பாட்டுகள் சிறுவனின் மனதில் பதிந்தன.

பிறகு ரெயிலில் பிரேக் போடும் வேலை கிடைத்தது. 1920-ம் ஆண்டு கேரி என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று குழந்தைப் பருவத்திலேயே இறந்து விட்டது.

நோய் வந்தது

1924-ம் ஆண்டு பேரிடி விழுந்தது. ஜிம்மிக்குக் காசநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ரெயில் வேலை கையை விட்டுப் போயிற்று.

இனி எப்படிப் பிழைப்பது? பாட்டு ஒன்றுதான் மிச்சம்!

1927-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரிஸ்டல் என்ற ஊருக்கு ஒரு இசைத்தட்டு கம்பெனியார் வந்தார்கள். ஜிம்மி தம் கோஷ்டியோடு அங்கே போனார். யார் பெயரைத் தட்டில் போடுவது என்று சண்டை வந்தது. கூட்டாளிகள் பிரிந்து போனார்கள். ஜிம்மி கிதாரை எடுத்துக் கொண்டு தன்னந்தனியாகப் பாடினார். இரண்டு பாட்டுக்குக் கிடைத்த பணம் 100 டாலர்.

சில மாதங்களில் 'புளூ யோடல்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். சாதாரணக் குரலில் பாடிக் கொண்டே திடீரென்று உச்சக் குரலுக்குத் தாவுவதுதான் யோடல். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. 'பாடும் பிரேக்மேன்' என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

பணம் குவிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் மாளிகை கட்டினார். 1930-ம் ஆண்டு, நீக்ரோ இசை மேதை லூயி ஆம்ஸ்டிராங், ஜிம்மியின் பாட்டுக்கு டிரம்பெட் ஊதினார். வெள்ளையரும் நீக்ரோக்களும் சேர்ந்து இசைத்தட்டு பதிவு செய்வது அபூர்வமாக இருந்த காலம் அது! 1931-ம் ஆண்டு பஞ்சத்தில் வாடியவர்களுக்காக ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டிக் கொடுத்தார். தம்மைத் தின்று வந்த காசநோயைப் பற்றியும் ஒரு பாட்டுப் பாடினார்.

கட்டிலில் படுத்தபடி...

பொருளாதார நெருக்கடி வந்தது. இசைத்தட்டு விற்பனை சரிந்தது. மாளிகையை விற்க வேண்டி வந்தது. நோயோ முற்றி விட்டது.

தமக்குப் பிறகு மனைவியும் மகளும் என்ன செய்வார்கள்? அந்தக் கவலை ஜிம்மியை வாட்டியது. 1933-ம் ஆண்டு மே மாதம், ஒரு நர்சின் துணையோடு நியூயார்க் சென்றார். ஒலிப்பதிவு நிலையத்தில் அவருக்காகக் கட்டில் போட்டார்கள். ஒரு பாட்டுப் பாடுவார். மூச்சு வாங்கும். கட்டிலில் படுப்பார். எழுந்து அடுத்த பாட்டைப் பாடுவார்!

மே 24-ந் தேதி கடைசிப் பாட்டைப் பாடி முடித்தார். 26-ந் தேதி ஓட்டல் அறையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 35. பாடிப் பதிவு செய்த பாடல்கள் 100-க்கு மேல்.

அவருடைய உடல் சொந்த ஊருக்கு ரெயிலில் சென்றது.

காசநோயைக் குணப்படுத்தும் ஸ்டிரெப்டோமைசின் மருந்து 1943-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஜிம்மிக்கு அது 10 ஆண்டு பிந்தி விட்டது!

1961-ம் ஆண்டு, கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஜிம்மியும் ஒருவர். 1978-ம் ஆண்டு அமெரிக்க அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் அவர் கிதாரோடு இருக்கிறார். பின்னால் ரெயில் என்ஜின். தலையில், நோய் வந்ததால் அவர் கழற்றி வைத்த அதே ரெயில்வே தொப்பி!